வீட்டில் நான்கு கணினி, இணைப்பு ஒன்று: தனித்தனி லைன் வேண்டுமா?

கேள்வி: 5 ஜூலை 2020, காலை 9.10

திண்டிவனம் பக்கம் கிராமம். கீழே அப்பா, மாடியில் நானும் அண்ணன் குடும்பமும். பைபர் இணைப்பு, 50 எம்பி பிளான். ஊரடங்கு வந்ததிலிருந்து எனக்கும் அண்ணிக்கும் வீட்டிலிருந்தே ஆபீஸ், பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஆன்லைன் வகுப்பு. மொத்தம் நான்கு கணினி. மோடம் கீழே கூடத்தில் டிவிக்குப் பின்னால் இருக்கிறது. மாடியில் வைஃபை ஒரு கோடுதான் காட்டுகிறது. இணைப்பு கொடுத்தவரைக் கேட்டால், "நாலு சிஸ்டத்துக்கு ஒரு லைன் தாங்காது, மாடிக்குத் தனி லைன் போட்டுக்குங்க" என்கிறார். நிஜமாகவே தனி லைன் வேண்டுமா? ஒரு ஸ்விட்ச் வாங்கிப் போட்டால் போதாதா?

5 ஜூலை 2020, இரவு 10.40

வேண்டாம் தம்பி. ஒரு லைன் போதும்.

ஒரு வீடியோ வகுப்புக்கு 2 அல்லது 3 எம்பி போதும். நாலு பேரும் ஒரே நேரத்தில் முகம் காட்டிப் பேசினாலும் 12ஐத் தாண்டாது. உங்களிடம் 50 இருக்கிறது.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். லேப்டாப்பைக் கீழே எடுத்துப் போய், மோடத்தில் நேராக ஒயரைச் செருகி வேகம் பாருங்கள். அங்கே 50 வந்தால் லைனில் கோளாறு இல்லை, மாடிப்படியில்தான் கோளாறு.

6 ஜூலை 2020, மதியம் 2.15

கீழே 48 வருகிறதாம். நினைத்தேன்.

நேற்று தூக்கக் கலக்கத்தில் சுருக்கமாக முடித்துவிட்டேன். "ஒரு லைனில் நாலு பேர் எப்படிப் போவார்கள்?" என்று தம்பி திரும்பக் கேட்டிருக்கிறார். அதற்கு ஒரு பழைய கதை.

2000இல் கும்பகோணத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஆறு கணினி, ஒரே டெலிபோன் லைன், ஒரு 56கே மோடம். வினாடிக்கு நாலு, ஐந்து கிலோபைட் இறங்கினாலே நல்ல நாள். அதை ஆறு பேருக்குப் பங்கு வைக்க வேண்டும். விண்டோஸ் 98இன் இரண்டாம் பதிப்பு 1999இல் வந்தபோது இணைப்பைப் பகிரும் வசதி அதிலேயே இருந்தது. மோடம் செருகிய கணினிக்கு 192.168.0.1 என்று முகவரி வைத்துக்கொள்ளும், மற்ற ஐந்துக்கும் அதுவே முகவரி கொடுக்கும். அந்த முதல் கணினியில் எவனாவது படம் பார்த்து அது உறைந்துவிட்டால் கடையே உறைந்துவிடும். அதனால் அதில் யாரையும் உட்கார விடாமல் நானே உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஏற்பாடு அந்தக் காலத்து பி.பி. நம்பர் மாதிரி. வீட்டில் போன் இல்லாதவர்கள் எதிர்வீட்டு நம்பரைக் கொடுப்பார்கள், பக்கத்தில் பி.பி. என்று எழுதி. தெருவில் பத்து குடும்பத்துக்கும் அதே நம்பர். நாம் போய் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு வந்தால், பதில் வரும்போது எதிர்வீட்டு மாமி ஞாபகமாக நம் வீட்டு வாசலில் வந்து கூப்பிடுவார். யார் எந்தக் காலுக்குக் காத்திருக்கிறார்கள் என்ற கணக்கு அவர் தலையில் இருக்கும். உங்கள் மோடம்தான் அந்த மாமி. வெளியுலகத்துக்கு ஒரே நம்பர். உள்ளே 192.168 என்று தொடங்கும் முகவரிகளை நாலு கணினிக்கும் கொடுத்து, எந்தக் கணினி எதைக் கேட்டது என்று குறித்து வைத்துக்கொள்ளும்.

ஒரு கணினிக்கு ஒரு லைன் என்று சொன்னவர் மேல் கோபப்படாதீர்கள். அவருக்கும் மாத டார்கெட் இருக்கும்.

6 ஜூலை 2020, இரவு 11.05

ஸ்விட்ச் பற்றிக் கேட்டதற்கு மதியம் பதிலே சொல்லவில்லை. ஸ்விட்ச் முகவரி கொடுக்காது, வெறும் ஜங்ஷன் பாக்ஸ். மோடத்துக்குப் பின்னால் போட்டால் வேலை செய்யும். மோடமே ரவுட்டர் வேலையையும், அதாவது முகவரி கொடுத்துப் பங்கு வைக்கும் வேலையையும், பார்ப்பதால் உங்களுக்கு ஸ்விட்ச்சே போதும். (அது மோடமும் இல்லை, பைபரில் வரும் ஒளியைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் பெட்டி, பெயர் ஓஎன்டி. ஊரே மோடம் என்னும்போது நான் மட்டும் மாற்றிச் சொல்லி என்ன ஆகப்போகிறது.)

செய்ய வேண்டியது: கீழே மோடத்திலிருந்து மாடிக்கு ஒரு கேபிள். மேலே எட்டு போர்ட் ஸ்விட்ச். அதிலிருந்து நாலு கணினிக்கும் ஒயர். செல்போன்களுக்கு மேலே ஒரு வைஃபை பெட்டி. கேபிளை ஜன்னல் வழியே வெளியே விட்டு, சுவரோடு பைப்பில் மாடிக்கு ஏற்றிவிடுங்கள். 25 மீட்டருக்கு மேல் வராது. 100 மீட்டர் வரை தாங்கும்.

வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்கலாமா என்றால், வாங்காதீர்கள். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புகிற ரகத்தில் வேகம் பாதியாகிவிடும். அதையும் படிக்கட்டுத் திருப்பத்தில் பிளக் இருக்கும் இடத்தில்தான் மாட்ட முடியும். அங்கே அதற்கே சிக்னல் சரியாகக் கிடைக்காது.

9 ஜூலை 2020, காலை 7.30

கேபிள் வாங்கும்போது கவனம். 305 மீட்டர் பெட்டியிலிருந்து வெட்டிக் கொடுப்பார்கள். நுனியில் ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். விலை பாதிதான். இரண்டு தடவை வளைத்தால் முறிந்துவிடும். உள்ளேயும் செம்பாக இருந்தால் வாங்கலாம்.

12 ஜூலை 2020, மாலை 5.50

தம்பி பழைய ரவுட்டர் ஒன்றைப் பரணிலிருந்து எடுத்து, மாடியில் வைஃபைக்கு வைத்துவிட்டார். கேபிளும் இழுத்தாயிற்று. இப்போது "கொஞ்ச நேரம் வருகிறது, கொஞ்ச நேரம் போகிறது, சிஸ்டத்துக்கு சிஸ்டம் மாறுகிறது" என்கிறார்.

ஒரு தெருவுக்கு இரண்டு பி.பி. மாமிகள் வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். மோடமும் முகவரி கொடுக்கிறது, பரணிலிருந்து வந்ததும் கொடுக்கிறது. இரண்டுக்கும் தன் முகவரி 192.168.1.1 என்றே நினைப்பு. எந்தக் கணினி எவரிடம் முதலில் கேட்டதோ அதைப் பொறுத்து நெட் வரும், போகும்.

பழைய ரவுட்டரை எல்லாவற்றிலிருந்தும் கழற்றி, லேப்டாப்போடு மட்டும் சேருங்கள். பிரவுசர் வழியாக அதன் அமைப்புப் பக்கத்துக்குள்ளே போய் அதன் முகவரியை முதலில் 192.168.1.2 ஆக்குங்கள். சேமித்து, புது முகவரியில் மறுபடி உள்ளே போய் டிஎச்சிபியை, அதாவது முகவரி கொடுக்கும் வேலையை, நிறுத்துங்கள். அப்புறம் கீழிருந்து வரும் கேபிளை அதன் மஞ்சள் போர்ட்களில் ஒன்றில் செருகுங்கள். தனி நிறத்தில் ஒன்று இருக்கும், வான் (WAN) என்று போட்டிருக்கும், அது வெளி இணைப்புக்கானது, அதில் செருகக் கூடாது. செருகினால் வேலையே செய்யாது.

12 ஜூலை 2020, இரவு 9.20

"வேலையே செய்யாது" என்று நான் எழுதியது தப்பு. ஒருவர் உடனே பிடித்துவிட்டார், நன்றி. வான் போர்ட்டில் செருகினாலும் நெட் வரும். கீழே 192.168.1, மேலே 192.168.0 என்று முகவரி வரிசை வேறாக இருந்தால் போதும். மாமிக்கு மேல் இன்னொரு மாமி, அவ்வளவே. ஆனால் மாடியில் இருக்கும் பிரிண்டரைக் கீழே இருக்கும் கணினியால் பார்க்க முடியாது. கீழே உட்கார்ந்து வேலை பார்த்தால், அண்ணி அலுவலகத் தாளை அச்சடிக்க மாடி ஏற வேண்டியிருக்கும். தம்பி வீட்டில் இரண்டும் ஒரே வரிசையில் இருந்ததால்தான் குழப்பம்.

13 ஜூலை 2020, காலை 6.45

இரவு 12 மணிக்குத் தம்பியிடமிருந்து தகவல்: டிஎச்சிபியை நிறுத்தியதும் ரவுட்டருக்குள்ளேயே போக முடியவில்லை. ஆமாம், முகவரி கொடுப்பவரை அனுப்பியாயிற்று, லேப்டாப்புக்கு யார் கொடுப்பார்கள்? லேப்டாப்பில் கையாலேயே 192.168.1.50 என்று போட்டால் உள்ளே போகலாம். வேலை முடிந்ததும் அதைப் பழையபடி தானாக வாங்கும்படி மாற்றிவிட வேண்டும். இதை மறந்துவிட்டு ஆபீஸ் போய் நெட் வரவில்லை என்று திட்டியவன் நான்.

19 ஜூலை 2020, மாலை 4.00

நன்றாக ஓடுகிறதாம். பிள்ளைகளுக்கு இப்போது வகுப்பிலிருந்து தப்பிக்க நெட்டைக் காரணம் காட்ட முடியவில்லை. அந்தப் பாவம் எனக்கு.

வேறொருவர் கேட்டது: 50 எம்பி பிளான், ஆனால் கோப்பு இறங்கும்போது 6 எம்பி என்றுதான் காட்டுகிறது, ஏமாற்றுகிறார்களா? இல்லை. பிளானில் இருப்பது மெகாபிட், திரையில் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட், அதனால் எட்டால் வகுங்கள், 6.25 வரும்.

2 ஆகஸ்ட் 2020, இரவு 10.10

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டு என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் இருந்தால் சரியில்லை.

எங்களுடையது கும்பகோணத்துப் பழைய வீடு. வாசல் அகலம் கொஞ்சம்தான், உள்ளே போகப் போக நீளும். மோடம் முன்கட்டில், நான் வேலை பார்ப்பது பின்கட்டில். நடுவில் முற்றம். கேபிள் ஓட்டுக்கு மேலே போகிறது, கிட்டத்தட்ட 30 மீட்டர். பிளானைப் போன மாதம் 200க்கு மாற்றினேன். எத்தனை தடவை பார்த்தாலும் பின்கட்டில் 94. முன்கட்டில் 200. உதவி எண்ணுக்குப் போன் போட்டு, எடுத்த பையனிடம் கத்தினேன். அவன் பொறுமையாக, "சார், 94னா கேபிளைப் பாருங்க" என்றான். எனக்கே சொல்லிக் கொடுக்கிறாயா என்று வைத்துவிட்டேன்.

இன்று கேபிள் நுனியில் இருக்கும் ஜாக்கை வெட்டிப் பார்த்தேன். நாலு கம்பிதான் போயிருந்தது. 2009இல் நானே செய்தது. அப்போது ஒரே கேபிளில் இரண்டு கணினி ஓட்ட, எட்டுக் கம்பியை நாலு நாலாகப் பிரித்து இரண்டு ஜாக் அடித்திருந்தேன். 100 மெகாபிட்டுக்கு நாலு கம்பி போதும், தரவோடு சேர்ந்து போகும் முகவரி விவரங்களுக்குப் போக 94 தான் மிஞ்சும். அதைத் தாண்டி அடுத்த ரகமான ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். இரண்டாவது கணினி போய் வருடங்கள் ஆகின்றன. மற்ற நாலு கம்பியும் சுருட்டி இன்சுலேஷன் டேப் ஒட்டியபடி ஜாக்குப் பின்னாலேயே இருந்தது. அந்த டேப்பை ஒட்டியதுகூட எனக்கு ஞாபகம் வந்தது.

மறுபடி அடித்தேன். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. கண்ணாடி இல்லாமல் வெள்ளைப் பச்சையும் வெள்ளை நீலமும் ஒன்றாகவே தெரிகிறது, அதனால் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்ய வேண்டியதாயிற்று. எட்டையும் நேராக்கி, ஒரே நீளத்துக்கு வெட்டி, ஜாக்கின் முனை வரை தள்ளி, கிரிம்பிங் டூலில் ஒரே அழுத்து. வெளி உறையும் ஜாக்குக்குள் கொஞ்சம் போக வேண்டும், இல்லாவிட்டால் இழுத்ததும் கழன்றுவிடும். இப்போது 198.

அந்தப் பையனுக்குத் திரும்பப் போன் செய்யலாம் என்று பார்த்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள்.

3 ஆகஸ்ட் 2020, காலை 8.00

தம்பி பதற வேண்டாம். உங்களுடையது 50 எம்பி பிளான். நாலு கம்பி கேபிளாக இருந்தாலும் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது.

14 செப்டம்பர் 2020, இரவு 9.45

கேமரா கேள்வி. வாசலில் மாட்டிய கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க, மோடத்தில் போர்ட்டைத் திறந்துவிட்டும் வரவில்லையாம். (இந்தப் போர்ட் ஒயர் செருகும் துளை இல்லை, வெளியிலிருந்து வருபவரை உள்ளே விடும் அமைப்பு.)

மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் வெளி முகவரி என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் அந்த நம்பரே உங்களுடையது இல்லை. கம்பெனியே ஒரு பி.பி. நம்பரில்தான் உங்களை வைத்திருக்கிறது. பழைய வகை முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அடுத்த வருடமே இந்த 100.64 வரிசையை கம்பெனிகளுக்கென்று ஒதுக்கினார்கள். வெளியே கேட்டு வாங்குவதற்கு இதனால் குறை ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து உங்களைத் தேடி வருபவர்தான் வழியில் நின்றுவிடுவார். எதிர்வீட்டு மாமிக்கே தன் நம்பர் தெரியாத நிலை. கேமரா கம்பெனியின் ஆப் வழியாகப் பாருங்கள். அதில் கேமராவே உள்ளிருந்து வெளியே போய்ப் பேசுவதால் இந்தச் சிக்கல் வராது. இல்லையென்றால் நிலையான முகவரி கேளுங்கள், மாதம் தனிக் காசு.

2005 வாக்கில் எங்கள் தெருக் கேபிள்காரர் நெட்டும் கொடுத்தார். இணைப்பை ஒரு கணினியின் நெட்வொர்க் கார்டு எண்ணோடு கட்டிவிடுவார். இரண்டாவது கணினிக்குத் தனி சந்தா. ரவுட்டரில் அந்த எண்ணை அப்படியே நகலெடுத்து வைக்கும் வசதி உண்டு. வைத்தேன். மூன்று கணினி ஓடின. அவர் வசூலுக்கு வரும்போதெல்லாம் இரண்டின் மேல் துண்டைப் போர்த்தி வைத்தேன்.

15 செப்டம்பர் 2020, காலை 7.10

துண்டுக் கதை வீட்டில் படிக்கப்பட்டுவிட்டது. துண்டு இல்லையாம், பெட்ஷீட்டாம்.

26 அக்டோபர் 2020, இரவு 8.30

தம்பி வீட்டில் நேற்று மாலையிலிருந்து நெட் சுத்தமாக இல்லை. வைஃபை முழுதாகக் காட்டுகிறது, ஒரு பக்கமும் திறக்கவில்லை. மோடத்தை நாலு தடவை அணைத்துப் போட்டாயிற்று. ஸ்விட்ச்சின் எல்லா விளக்கும் ஒரே சமயத்தில் படபடவென்று மின்னுகிறதாம்.

அந்த விளக்கைச் சொன்னதும் புரிந்துவிட்டது. "ஆயுத பூஜைக்கு ஸ்விட்ச்சைத் துடைத்தீர்களா?" என்று கேட்டேன். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார் அண்ணி. அப்போது ஸ்விட்ச்சிலிருந்து ஒரு கேபிளின் மறுமுனை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. கழன்றுவிட்டதாக்கும் என்று காலியாக இருந்த போர்ட்டில் செருகிவிட்டார். ஒரே கேபிளின் இரண்டு முனையும் ஒரே ஸ்விட்ச்சில். எல்லோருக்கும் போக வேண்டிய அறிவிப்பு ஒன்று உள்ளே நுழைந்தால் அது சுற்றிச் சுற்றி வந்து பெருகிக்கொண்டே இருக்கும், வேறு எதற்கும் இடம் இருக்காது. பெரிய ஆபீஸ் ஸ்விட்ச்சுகளில் இதைக் கண்டுபிடித்து நிறுத்த வழி உண்டு. வீட்டுக்கு வாங்கும் சாதாரண ரகத்தில் பெரும்பாலும் இருக்காது.

பிடுங்கியதும் சரியாகிவிட்டது.

என் கடையில் இதற்கு நேர் எதிர். அப்போது டிவி கேபிள் மாதிரி தடித்த ஒயர் ஒன்று ஆறு கணினியையும் தொட்டுக்கொண்டு போகும். இரண்டு கோடியிலும் 50 ஓம் மூடி ஒன்று இருக்க வேண்டும். கழன்றால் ஆறும் செத்துவிடும். ஒரு பையன் அதைத் திருகி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான், பம்பரத்துக்கு ஆணி மாதிரி இருந்ததாம். அன்றைக்குக் கடை மூடல்.

11 நவம்பர் 2020, காலை 6.20

ஜூலை 6 அன்று நான் எழுதியதைத் திருத்த வேண்டும். "ஜன்னல் வழியே வெளியே விட்டு மாடிக்கு ஏற்றுங்கள்" என்று சொன்னேன் அல்லவா.

நேற்று ராத்திரி ஐப்பசி மழை, நல்ல இடி. அடுத்த தெருத் தென்னையில் விழுந்தது. எங்கள் வீட்டில் எதுவும் விழவில்லை. ஆனாலும் ஓட்டுக்கு மேலே போன அந்த 30 மீட்டர் செம்பு கேபிள் வழியாக ஒரு உதை வந்து, முன்கட்டு மோடத்தில் ஒரு போர்ட்டும், பின்கட்டு ஸ்விட்ச்சில் இரண்டு போர்ட்டும், என் லேப்டாப்பின் போர்ட்டும் போய்விட்டன. பக்கத்தில் இடி விழுந்தாலே நீளமான கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்படும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆகஸ்டில் எட்டுக் கம்பியும் ஆசையாக அடித்தேனே, அதைப் பார்க்கத்தான் மனசு வரவில்லை.

தம்பி, உங்கள் கேபிளை உள்ளே படிக்கட்டுச் சுவரோடு மாற்றிவிடுங்கள். வெளியேதான் போயாக வேண்டும் என்றால் செம்பு வேண்டாம், பைபர் போடுங்கள். அதில் மின்சாரம் பாயாது. எஃகுக் கம்பி சேர்த்த ரகமும் உண்டு, அதைத் தவிருங்கள். அதற்குள் இடி மின்னல் என்றால் இரண்டு பக்கமும் பிடுங்கி வையுங்கள்.

27 நவம்பர் 2020, இரவு 7.00

நிவர் புயல் அந்தப் பக்கம்தான் கரை கடந்தது. தம்பியிடமிருந்து இரண்டு நாளாகத் தகவல் இல்லையே என்றிருந்தேன். இப்போதுதான் எழுதியிருக்கிறார், எல்லோரும் சௌக்கியம். முருங்கை மரம் போயிற்று. கரண்ட் இன்னும் வரவில்லை, ஆனால் நெட் வருகிறதாம், ஆச்சரியப்படுகிறார். மோடத்துக்குப் போன மாதம் 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் வாங்கச் சொல்லியிருந்தேன். தெருவில் பைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை, வெறும் கண்ணாடி வேலை. கம்பெனியின் நிலையத்தில் ஜெனரேட்டர் ஓடி, உங்கள் வீட்டு மோடம் உயிரோடிருந்தால் நெட் வரும். கேபிளைப் படிக்கட்டுப் பக்கம் மாற்றிவிட்டாராம்.

6 டிசம்பர் 2020, மாலை 6.30

எங்கள் வீட்டிலும் முற்றத்துக்கு மேலே பைபர் இழுத்தாயிற்று. இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (செம்பு ஒயரின் சிக்னலை ஒளியாகவும் ஒளியைத் திரும்பச் சிக்னலாகவும் மாற்றும் பெட்டி), ஒற்றை இழை. காலையிலிருந்து பார்க்கிறேன், பைபர் விளக்கு எரியவில்லை. இழையை எடுத்துத் துடைத்தேன், முனையை மாற்றினேன், வளைவை நிமிர்த்தினேன். மாலையில்தான் அடிப்பக்கம் பார்த்தேன், இரண்டிலும் ஏ என்றே இருக்கிறது. ஒன்று ஏ, ஒன்று பி இருக்க வேண்டும். ஒன்று 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அனுப்பி 1550இல் வாங்கும், மற்றது தலைகீழ். இரண்டும் ஏ என்றால் இரண்டு பேரும் பேசுகிறார்கள், கேட்பவர் இல்லை. நாளைக்குக் கடைக்குப் போக வேண்டும்.

7 டிசம்பர் 2020, மதியம் 1.40

பி கிடைத்துவிட்டது. விளக்கு எரிகிறது. வேகம் பார்த்தேன்: 94.

கன்வெர்ட்டர் 100 மெகாபிட் ரகம். பெட்டியில் போட்டிருக்கிறது, பொடி எழுத்தில். கடைக்காரர் "ஜிகாபிட்டா சார்?" என்று கேட்டது இப்போது ஞாபகம் வருகிறது.